மூன்று வகைக் கணினி, ஒரே மென்பொருள்: பதிப்புகளைக் கட்டி மேய்ப்பது எப்படி?

சேரன்மாதேவியில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவரிடம் பழைய ஆட்டம் சிப் போட்ட 32-பிட் மேசைக்கணினிகள் சில, 64-பிட் மடிக்கணினிகள் பல, இரண்டு ராஸ்பெரி பை 4 (கையளவுக் குட்டிக் கணினி) இருக்கின்றன. பை இரண்டும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மாணவர்கள் மாடியில் வைத்த மழைமானிக்காக வாங்கியவை. எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் அல்லது அதன் வழிவந்தது ஓடுகிறது. மழைக்கணக்கு போடும் பைத்தான் நிரல் எல்லாக் கணினியிலும் ஓட வேண்டும்.

அவர் எழுதுகிறார்: “ஒரே பேக்கேஜ் ஒரு கணினியில் ஒரு பதிப்பு எண்ணையும் இன்னொன்றில் வேறு எண்ணையும் காட்டுகிறது. மடிக்கணினியில் வைனுக்காக (விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) 32-பிட் லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைநிரல்) போடப் போனால் பதிப்பு வேறு என்று மறுக்கிறது. பைத்தான் பட்டியல் மடிக்கணினியில் சட்டென்று நிறுவப்படுகிறது. பழைய மேசைக்கணினியில் மணிக்கணக்காக ஓடிவிட்டு விழுந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் ஒரே எண் வர என்ன செய்ய வேண்டும்?”

தம்பி, எல்லாவற்றிலும் ஒரே எண் வர வேண்டும் என்ற ஆசையை முதலில் கைவிடுங்கள். பதிப்பு எண் என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மூல நிரலின் பதிப்பு. மற்றொன்று, அந்த மூலத்தை ஓர் ஆர்க்கிடெக்சருக்காக, அதாவது ஒரு வகைச் சிப்புக்காக, கட்டியெடுத்த, நிறுவத் தயாரான பேக்கேஜின் பதிப்பு. ஒரே வயல் நெல்லை அம்பையில் ஒரு மில்லிலும் வீரவநல்லூரில் ஒரு மில்லிலும் அரைத்தால் மூட்டையில் தைக்கும் சீட்டு ஒன்றாகவா இருக்கும்? நெல் ஒன்றா என்றுதான் பார்க்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது மூலம் ஒன்றாக இருப்பது. கட்டிய எண் கடைசிப் புள்ளி வரை பொருந்தியே தீர வேண்டிய இடமும் உண்டு. உங்கள் வைன் சிக்கல் அந்த இடத்தில்தான் முளைத்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

எந்தக் கணினி எந்த ஆர்க்கிடெக்சர் என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? ‘யூநேம் -எம்’ அடித்துப் பார்த்திருந்தால் பை விஷயத்தில் ஏமாந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டளை கர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையக் கருவின், வகையைச் சொல்லும். கர்னலின் மேல் ஓடும் பேக்கேஜ்களின் வகையைச் சொல்லாது. 2023 முதல் பை 4-இல் 32-பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டாலும் கர்னல் 64-பிட்டாகவே எழுகிறது. யூநேம் ‘ஏஆர்ச்64’ என்று பெருமையாகச் சொல்லும். உள்ளே நிறுவியிருப்பதெல்லாம் ஆர்ம்எச்எஃப், அதாவது 32-பிட் பேக்கேஜ்கள். இதை நம்பி ஆர்ம்64, அதாவது 64-பிட் பேக்கேஜைத் தரவிறக்கி, நிறுவ முடியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். நம்ப வேண்டிய கட்டளை ‘டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்’. டிபிகேஜி என்பது டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி. அது சொல்வதை ஒரு காகிதத்தில் எழுதி ஒவ்வொரு கணினியின் மேலும் ஒட்டிவிடுங்கள். மடிக்கணினியில் இன்டெல் சிப் இருக்க, அது ‘ஏஎம்டி64’ என்று சொல்கிறதே என்று மாணவர்கள் மிரளுவார்கள். அந்த 64-பிட் கட்டளைத் தொகுதியை முதலில் உருவாக்கியது ஏஎம்டி. 2003-இல் ஆப்டரான் சிப்புடன் சந்தைக்கு வந்தது. இன்டெல் பின்னால் வந்து சேர்ந்தது. பேக்கேஜ் சரியானதுதான்.

இனி எண்ணைப் படிப்போம். டெபியன் எண்ணில் மூன்று துண்டுகள். முன்னால் முக்காற்புள்ளியோடு ஓர் எண் வந்தால் அது எப்போக். நடுவில் இருப்பது மூல ஆசிரியர்கள் இட்ட பதிப்பு. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் வருவது டெபியன்காரர்களின் திருத்த எண். டெபியன் 12-இல் நம்பை (பைத்தானின் எண்கணக்கு லைப்ரரி) பேக்கேஜைப் பாருங்கள்: ‘1:1.24.2-1’ என்று தொடங்கும். முன்னால் இருக்கும் 1 எப்போக். எப்போதோ ஒரு காலத்தில் எண் வரிசை முன்பின்னாகிப் போனதைச் சரிக்கட்டப் போட்டது. ஒருமுறை போட்டால் பிறகு எடுக்க முடியாது. ஒப்பிடும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே ‘1:1.24’ என்பது ‘2.0’-ஐ விடப் பெரியது. கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். இன்னொரு பொறி ‘~’ குறி. அது வெறுமையை விடவும் சிறியதாகக் கணக்காகும், ‘1.0~ஆர்சி1’ என்பது ‘1.0’-க்கு முந்தியது. சந்தேகம் வந்தால் ‘டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்’ கட்டளையிடமே கேட்டுவிடுங்கள். விரிதாளில் போட்டு அகரவரிசைப்படுத்தினால் 1.10 என்பது 1.9-க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் முதல் புகாருக்கான விடை எண்ணின் வாலில் இருக்கிறது. ஒரு கணினியில் ‘2.3-4’, இன்னொன்றில் ‘2.3-4+பி1’ என்று பார்த்திருப்பீர்கள். அந்த ‘+பி1’ என்பது, மூலத்தில் ஒரு எழுத்தும் மாறாமல், குறிப்பிட்ட ஆர்க்கிடெக்சருக்கு மட்டும் மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். அது சார்ந்திருக்கும் லைப்ரரி மாறியிருக்கலாம். முதல் முறை கட்டியபோது, மூலத்தை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரில் குறை இருந்திருக்கலாம். ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனித்தனி இயந்திரம் கட்டுவதால் ஒன்றில் நடப்பது மற்றொன்றில் நடக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே மூலம். விட்டுவிடுங்கள். ‘+டெப்12யூ1’ என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். அது நிலைப்பதிப்புக்குள் வந்த திருத்தம், பல நேரம் பாதுகாப்புத் திருத்தம், மூலமே மாறியிருக்கிறது. ஒரு கணினியில் அது இருந்து இன்னொன்றில் இல்லை என்றால் இரண்டாவது கணினி புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது என்று பொருள். ராஸ்பெரி பையில் ‘+ஆர்பிடி1’ போன்ற வால்களையும் பார்ப்பீர்கள். அவை பை நிறுவனம் தன் வன்பொருளுக்காகக் கைவைத்த பேக்கேஜ்கள். கர்னல், கேமரா, வீடியோ சம்பந்தப்பட்டவற்றில் இது இருக்கத்தான் செய்யும். டெபியன் எண்ணோடு பொருத்தப் பார்ப்பது வீண் வேலை.

இப்போது வைன். பழைய கணக்கு மென்பொருள் ஒன்றை விண்டோஸ் இல்லாமல் ஓட்ட வேண்டும், அதற்கு 32-பிட் லைப்ரரிகள் தேவை. டெபியனில் அந்த 32-பிட் வகைக்கு ஐ386 என்று பெயர். ‘டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’ கொடுத்தீர்கள், ‘வைன்32:ஐ386’ கேட்டீர்கள், மேசா கிராஃபிக்ஸ் லைப்ரரியில் வந்து முட்டிக்கொண்டது. இப்படி ஒரே கணினியில் இரண்டு ஆர்க்கிடெக்சர் பேக்கேஜ்களை அருகருகே வைக்கும் வசதிக்கு மல்டிஆர்ச் என்று பெயர். 2013-இல் வந்த டெபியன் 7 முதல் இருக்கிறது. லைப்ரரிக் கோப்புகள் மோதிக்கொள்ளாது. 64-பிட்டுடையது ‘எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ’ என்ற அடைவில் போகும், 32-பிட்டுடையது ‘ஐ386-லினக்ஸ்-க்னூ’ என்ற அடைவில் போகும். மோதல் வேறிடத்தில். இரண்டு பேக்கேஜ்களுக்கும் பொதுவான கோப்புகள் சில உண்டு: உரிமக் குறிப்பு, மாற்றப் பதிவு போன்றவை. இரண்டு பேக்கேஜும் அதே பாதையில் அதே பெயரில் அவற்றை வைக்கும். டிபிகேஜி அந்தக் கோப்பை இருவருக்கும் பொதுச்சொத்தாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் ஏற்காது. அதனால்தான் அதன் சட்டம் கறாரானது: ‘மல்டி-ஆர்ச்: சேம்’ என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ் இரண்டு ஆர்க்கிடெக்சரில் ஒருங்கே இருக்க வேண்டுமானால் பதிப்பு எண் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே விட்டுவிடச் சொன்னேனே, அந்த ‘+பி1’ வால் கூட இங்கே உதைக்கும். வேறு வேறு கணினிகளில் பொருட்படுத்த வேண்டாத வித்தியாசம், ஒரே கணினிக்குள் வந்தால் நிறுவலையே நிறுத்திவிடும்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: யாரோ ஒருவர் புதிய கிராஃபிக்ஸ் வசதிக்காக பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தையோ (நிலைப்பதிப்புக்குப் புதிய பேக்கேஜ்களைத் தரும் இடம்) வேறு வெளிக் களஞ்சியத்தையோ சேர்த்து, 64-பிட் மேசாவை மட்டும் உயர்த்தியிருப்பார். களஞ்சியத்திலிருந்து பேக்கேஜை இறக்கித் தரும் ஆப்ட், 32-பிட்டுக்கு நிலைப்பதிப்பில் இருப்பதையே எடுக்கப் பார்க்கிறது. ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ என்று அடித்து, பேக்கேஜ் பெயரை ஒருமுறை அப்படியேயும் மறுமுறை ‘:ஐ386’ சேர்த்தும் கொடுங்கள். நிறுவியிருப்பது எது, கிடைப்பது எது, எந்தக் களஞ்சியத்திலிருந்து என்று இரண்டுக்கும் காட்டும். இரு பட்டியலிலும் பொதுவாக உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இரண்டு பெயரையும், சமக்குறியிட்டு அந்த எண்ணையும், ஒரே ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையில் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் முதலாவது ஏறும்போதே இரண்டாவதைக் கழற்றிவிடும். நிறுத்தி வைக்க ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ போடுவதானாலும் இரண்டு பெயரையும் சொல்லிப் போடுங்கள். பேக்கேஜைக் கீழிறக்குவதை டெபியன் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். லைப்ரரி என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தரவுத்தளம் என்றால் கையை வைக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் 32-பிட்டைக் கட்டி அழ வேண்டும் என்று கேட்டால், வைனுக்காக வைத்துக்கொள்ளலாம், பழைய மேசைக்கணினிகளுக்காக வேண்டாம் என்பேன். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் ஐ386-க்கு நிறுவி இல்லை, கர்னலும் இல்லை. 64-பிட் கணினிக்குள் பழைய நிரல்களை ஓட்டுவதற்கான துணையாக மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. ஆகவே உங்கள் 32-பிட் மேசைக்கணினிகளுக்கு டெபியன் 12-தான் கடைசி ஊர். அதற்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் 30 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். உலாவிகளும் இதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2025 அக்டோபரில் வந்த 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம், பலவகைக் கணினிகளை ஒன்றாக மேய்க்கும்போது மொத்தக் கூட்டத்தின் வேகத்தையும் தீர்மானிப்பது பின்தங்கிய ஆர்க்கிடெக்சர்தான். மழைக்கணக்கு நிரல் பழைய மேசைக்கணினியிலும் ஓடியாக வேண்டும் என்றால், மடிக்கணினியில் எவ்வளவு புதிய நம்பை கிடைத்தாலும் அதைத் தொடக் கூடாது. அப்படித் தொடாமல் இருப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த மேசைக்கணினிகளைத் தட்டச்சுப் பயிற்சிக்கும் அலுவலகக் கோப்புகளுக்கும் ஒதுக்கிவிட்டு மழைக்கணக்கிலிருந்து விடுவித்துவிடுவேன்.

டெபியன் 13-இல் இன்னொரு மாற்றம். 2038 ஜனவரி 19-இல் 32-பிட் நேரக்கணக்கு நிரம்பி வழியும் பிரச்சினைக்காக, ஆர்ம்எச்எஃப் உள்ளிட்ட 32-பிட் ஆர்க்கிடெக்சர்களை 64-பிட் நேரத்துக்கு மாற்றினார்கள். அதில் பல லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் ‘டி64’ ஒட்டிக்கொண்டது. பழைய இருமக் கோப்புகள் ஓட வேண்டுமே என்று ஐ386-ஐ மட்டும் மாற்றாமல் விட்டார்கள். பெயர் மாறியதால், ‘இந்தப் பேக்கேஜ் இல்லை’ என்று உங்கள் பழைய நிறுவல் நிரல்கள் அடம்பிடிக்கும். பேக்கேஜ் தொலைந்துபோகவில்லை, பெயரில் வால் முளைத்திருக்கிறது.

ராஸ்பெரி பைக்கு வருவோம். 32-பிட் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸும் டெபியனும் ‘ஆர்ம்எச்எஃப்’ என்ற ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டு வேறு வேறு பொருளைத் தருகின்றன. டெபியனின் ஆர்ம்எச்எஃப், ஆர்ம்வி7 சிப்பையும் அதற்கு மேலானவற்றையும் எதிர்பார்க்கிறது. ராஸ்பியன்காரர்கள் (32-பிட் பை ஓஎஸ்ஸின் அடித்தளத்தைக் கட்டுபவர்கள்) முதல் தலைமுறை பையும் ஓட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் ஆர்ம்வி6-க்கு மறுபடி கட்டினார்கள். டெபியன் களஞ்சியத்திலிருந்து ஓர் ஆர்ம்எச்எஃப் பேக்கேஜை எடுத்து பை ஜீரோவின் முதல் பதிப்பில் போட்டால் ஆப்ட் சந்தோஷமாக நிறுவிவிடும். ஓட்டும்போது ‘சட்டவிரோதக் கட்டளை’ என்று செத்துவிழும். பதிப்பு எண் பொருந்துகிறது, ஆர்க்கிடெக்சர் பெயரும் பொருந்துகிறது, ஆனாலும் ஓடாது. பேக்கேஜ் மேலாளரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களிடம் பை 4 இருப்பதால் வழி எளிது: 64-பிட் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸுக்கு மாறிவிடுங்கள். 2022 பிப்ரவரி முதல் அது நிலையான வெளியீடு. அதில் பெரும்பாலான பேக்கேஜ்கள் டெபியனின் சொந்த ஆர்ம்64 களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. மடிக்கணினியும் பையும் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

பைத்தான் பட்டியல் விஷயத்தில் நடப்பது இது. பைத்தானின் நிறுவல் கருவியான ‘பிப்’ நிறுவுவது பெரும்பாலும் வீல் என்ற ஆயத்தக் கோப்பு. வீலின் பெயரிலேயே ஆர்க்கிடெக்சர் இருக்கும். மடிக்கணினிக்கும் 64-பிட் பைக்கும் நம்பை வீல் கிடைக்கிறது. 32-பிட் லினக்ஸ் மேசைக்கணினிக்கு நம்பை 1.22 முதல் வீல் வெளியிடுவதில்லை. வீல் இல்லையென்றால் பிப் மூல நிரலை இறக்கிக் கட்ட ஆரம்பிக்கும். பழைய ஆட்டம் சிப்பில் அது எப்படி மூச்சுத் திணறும் என்பதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். பையில் 32-பிட் ஓஎஸ் இருக்கும்வரை இந்தத் தொல்லை தெரியாமல் இருந்ததற்கு, பைவீல்ஸ் என்ற களஞ்சியம் முன்னமே அமைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். அது பைக்கான 32-பிட் வீல்களைக் கட்டி வைக்கிறது. 64-பிட்டுக்கு அது தேவையில்லை.

என் யோசனை: நம்பை போன்ற கனமானவற்றைப் பிப்பிடம் கொடுக்காதீர்கள், ஆப்ட் வழியாக ‘பைத்தான்3-நம்பை’ நிறுவுங்கள். டெபியன் 12-இல் எல்லா ஆர்க்கிடெக்சரிலும் ஒரே மூலப் பதிப்பு கிடைக்கும். முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்ட சிறு லைப்ரரிகளை மட்டும் பிப் பார்த்துக்கொள்ளட்டும்; அவற்றின் வீல் எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் பொதுவானது. பட்டியலில் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) போட்டுப் பூட்டுவதானால், ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரின் வீலுக்கும் ஹாஷ் தனி என்பதை மறக்க வேண்டாம். மடிக்கணினியில் தயாரித்த ஒற்றை ஹாஷ் பட்டியலை பையில் கொடுத்தால் திருட்டுப் பொருள் மாதிரி மறுத்துவிடும்.

நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி போய்விடாதா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். போகாது, இடம் மாறும். ஒரே பெயர்க்குறிக்குப் பின்னால் ஆர்க்கிடெக்சர் வாரியாக வேறு வேறு படிமங்கள் (கட்டிய பெட்டிகள்) இருக்கும். டாக்கர் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். படிமத்தை அதன் டைஜெஸ்ட் எண்ணால் (இதுவும் ஒரு ஹாஷ்தான்) பூட்டும்போது மொத்தப் பட்டியலின் டைஜெஸ்டைப் பூட்டாமல் மடிக்கணினிப் படிமத்துடையதைப் பூட்டினீர்களானால் பையில் அது எழாது. உங்கள் அளவுக்கு டாக்கர் தேவையே இல்லை.

பதிப்பு முழுக்க ஒன்றாக இருந்தும் விடை மாறும் இடமும் உண்டு. அதைப் பதிப்புச் சிக்கல் என்று நினைத்து வீணாக அலைவார்கள். 32-பிட் லினக்ஸில் இந்த நம்பை முழு எண்ணுக்கு இயல்பாக 32 பிட் எடுக்கும். 64-பிட் லினக்ஸில் 64 பிட். சி மொழியின் ‘லாங்’ வகையும் அப்படியே. பையில் நினைவகத்தை அப்படியே கோப்பில் கொட்டி, அதை வேறு கணினியில் திறந்தால், ஐப்பசி மழை சித்திரை வெயிலாகத் தெரியும். வகையை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்; தரவை உரைக்கோப்பிலோ எஸ்கியூலைட் தரவுத்தளத்திலோ எழுதுங்கள். எஸ்கியூலைட் கோப்பின் வடிவம் ஆர்க்கிடெக்சரைச் சாராதது.

நடைமுறைக்கு வருவோம். மடிக்கணினிகளில் ஒன்றை நிரந்தரமாக வைத்து அதில் ‘ஆப்ட்லி’ என்ற களஞ்சியப் பிரதிக் கருவியைப் போடுங்கள். ஏஎம்டி64, ஆர்ம்64, வைனுக்காக ஐ386 மூன்றுக்கும் தேவையான பேக்கேஜ்களை மட்டும் வடிகட்டிப் பிரதியெடுத்து, ஸ்னாப்ஷாட் (அன்றைய நிலையின் நகல்) ஒன்றை உறையவைத்து, எல்லாக் கணினிகளும் அதையே பார்க்கும்படி செய்யுங்கள். அப்போது எந்தக் கணினியை எந்த நாளில் புதுப்பித்தாலும் ஒரே நாளின் களஞ்சியம்தான் கிடைக்கும். இணையச் செலவும் மிச்சம். வெறும் செலவு மிச்சம்தான் வேண்டும் என்றால் ‘ஆப்ட்-கேஷர்-என்ஜி’ போதும். ஆனால் அது எதையும் உறையவைக்காது. மாதம் ஒருமுறை புதிய ஸ்னாப்ஷாட் எடுத்து, முதலில் ஒரு பையிலும் ஒரு மடிக்கணினியிலும் விட்டுப் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மாதக்கணக்கில் காக்க வைக்காதீர்கள். அவற்றுக்குத் தனி ஸ்னாப்ஷாட் எடுத்து அடிக்கடி மாற்றுங்கள்.

எது எங்கே இருக்கிறது என்று ஒப்பிட, ‘டிபிகேஜி-க்வெரி’ கட்டளையிடம் பேக்கேஜ் பெயரையும் பதிப்பையும் கேட்பதற்குப் பதிலாக மூலப் பேக்கேஜின் பெயரையும் மூலப் பதிப்பையும் கேளுங்கள். ‘சோர்ஸ்:பேக்கேஜ்’, ‘சோர்ஸ்:வெர்ஷன்’ என்ற இரண்டு புலங்கள் அதற்கென்றே இருக்கின்றன. ‘+பி1’ வால்கள் தாமாக உதிர்ந்துவிடும். ஒவ்வொரு கணினியின் பட்டியலையும் வரிசைப்படுத்தி ‘டிஃப்’ போட்டால் உண்மையான வித்தியாசம் மட்டும் மிஞ்சும்.

நம் பக்கத்து மின்வெட்டுக்கு ஒரு சொல்: நிறுவலின் நடுவில் மின்சாரம் போனால் பேக்கேஜ் பாதி பிரித்த நிலையில் தொங்கும், பட்டியலில் புதிய எண் தெரியும், நிரல் ஓடாது. கணினி எழுந்ததும் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்துவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சி. பை இரண்டையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். எஸ்டி கார்டு கெட்டுப்போனால் எந்த ஸ்னாப்ஷாட்டும் அன்றைய மழையைத் திருப்பித் தராது.

வேலையைத் தொடங்கும் வரிசை: முதலில் பை இரண்டையும் 64-பிட்டாக்குங்கள், பிறகு வெளிக் களஞ்சியத்தைக் கழற்றி மேசாவைச் சமப்படுத்துங்கள், ஆப்ட்லி அதற்கப்புறம். மேசா படியவில்லை என்றால் ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ காட்டிய இரண்டு பட்டியலையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.